பாதிப்பு வேறு, ஊறுபடுதன்மை வேறு

செட்டிநாட்டுப் பழைய வீடுகளைப் பற்றி யார் எழுதினாலும் இப்போது ‘நிலநடுக்கப் பாதிப்பு மதிப்பீடு’ என்று ஒரு தொடர் வந்து விழுகிறது. கருத்தரங்கு அழைப்பிதழில் இருக்கிறது, கணக்கெடுப்புப் படிவத்தில் இருக்கிறது. வல்னரபிலிட்டி என்பதைத் தமிழில் சொல்கிறார்களாம். தப்பு, அதுவும் சின்னத் தப்பு இல்லை.

லத்தீனில் ‘வுல்னுஸ்’ என்றால் காயம். காயப்படக்கூடிய நிலைதான் வல்னரபிலிட்டி, நான் அதை ஊறுபடுதன்மை என்பேன். வேர்க்கதை அவ்வளவுதான்.

பாதிப்பு என்பது நடந்து முடிந்த விஷயம். 2001 ஜனவரி 26 அன்று குஜராத் குலுங்கியதில் புஜ் நகரத்து ஆயினா மகாலும் பிராக் மகாலும் சேதமாயின இல்லையா, அது பாதிப்பு. அப்புறம் ஆள் போய்க் கணக்கெடுத்தால் அது பாதிப்பு மதிப்பீடு. வல்னரபிலிட்டியோ ஜனவரி 25 அன்றே அந்தச் சுவர்களுக்குள் இருந்தது. இந்த இரண்டையும் ஒரே சொல்லில் போட்டு அடைத்துவிட்டு, படிவத்தைக் கொண்டுபோய் கானாடுகாத்தானில் ஒரு ஆச்சியிடம் நீட்டினால், “எங்க வீட்டுக்கு என்ன பாதிப்பு தம்பி, ஒரு கீறல் உண்டா பாருங்க” என்றுதான் கேட்பார்கள். கேட்பது நியாயம்தானே.

இன்னொரு குழப்பம், அபாயத்தோடு, அதாவது அந்த இடத்தில் மண் எவ்வளவு ஆடலாம் என்பதோடு. 2002-இல் திருத்திய இந்தியத் தர நிர்ணய நிலநடுக்க வரைபடத்தில் காரைக்குடிப் பக்கம் இரண்டாம் மண்டலம், இருப்பதிலேயே குறைந்த நடுக்கம். ‘அப்போ நமக்குப் பாதிப்பு கம்மி’ என்று உடனே முடிவு கட்டிவிடுகிறார்கள். மண்டலம் சொல்வது மண் எவ்வளவு ஆடும் என்பதை. ஆடினால் இந்தச் சுவர் என்ன ஆகும் என்பது சுவரின் சங்கதி, வீட்டைத் தூக்கி ஐந்தாம் மண்டலத்து புஜ்ஜில் வைத்தாலும் அது மாறாது. இரண்டையும், வீட்டுக்குள் எத்தனை பேர், என்ன சொத்து என்பதையும் சேர்த்துப் பார்த்தால்தான் இழப்பு எவ்வளவு வரலாம் என்று தெரியும்.

‘பலவீனம்’ என்று எழுதுகிறவர்கள் மேல் எனக்கு இன்னும் கோபம். பர்மா தேக்குத் தூண், கைமுட்டி போட்டாலும் அசையாத சுண்ணாம்புக் கட்டு, நூறு வருஷம் மேல்தளப் பாரத்தைத் தாங்கி நிற்கிற வீட்டைப் போய்ப் பலவீனம் என்றால் யார் ஒத்துக்கொள்வார்கள்? கீழ்நோக்கிய பாரத்துக்கு அது பலம்தான். நடுக்கம் பக்கவாட்டில் தள்ளுகிறது. சுவர் கனக்கக் கனக்கத் தள்ளுவிசையும் கூடும். பட்டாலையில் நின்று உத்தரம் சுவருக்குள் நுழைகிற இடத்தைப் பாருங்கள், கட்டையின் நுனி வெறுமனே உட்கார்ந்திருக்கிறதா, இரும்புப் பட்டை போட்டுப் பிடித்திருக்கிறதா என்று. மூலையில் இரண்டு சுவர்களின் செங்கல் ஒன்றுக்குள் ஒன்று கோத்து வருகிறதா, மேலே முகப்பின் கைப்பிடிச் சுவரில் நிற்கிற லட்சுமியையும் சிப்பாயையும் எது பிடித்திருக்கிறது என்றும் பார்க்கவேண்டும். பிடிப்பில்லாத சுவர் தனித்தனியாக வெளிப்பக்கம் சாயும், முதலில் விழுவது பெரும்பாலும் கைப்பிடிச் சுவர். இத்தாலியில் பெனடெட்டியும் பெட்ரினியும் 1984-இல் கொடுத்த முறையில் இப்படிப் பதினொரு அம்சங்களுக்கு மதிப்பெண் போட்டுக் கூட்டுவார்கள். சுவரின் பலம் அதில் ஒரு பங்குதான்.

‘நொய்ம்மை’ நல்ல சொல், ஆனால் ஃப்ரஜிலிட்டிக்கு வேண்டும். இவ்வளவு ஆட்டத்துக்கு இந்த அளவு சேதம் தாண்ட எத்தனை வாய்ப்பு என்று வரைகோடு போடுகிறார்களே, அதற்கு. ‘பாதிக்கப்படக்கூடிய தன்மை’ பொருளில் பிழையில்லை. ஆனால் இதோடு ‘குறியீட்டெண்’ணும் ‘வகுப்பு’ம் சேர்த்து அட்டவணைத் தலைப்பில் எழுதிப் பாருங்கள், கட்டம் பத்தாது. ஐரோப்பாவின் 1998 நிலநடுக்க அளவுகோலில், எளிதில் சேதமாகிற ஏ முதல் எஃப் வரை கட்டடங்களுக்கு ஆறு வகுப்பு உண்டு. கம்பியில்லாத செங்கல் கட்டு பொதுவாக பி. தினமும் புழங்குகிற சொல் சுருக்கமாக இருக்கவேண்டாமா?

அதனால் ஊறுபடுதன்மை. ஊறு என்றால் தொடுவுணர்வும் உண்டு, ‘சுவைஒளி ஊறுஓசை’ என்கிற குறளில் வருவது அதுதான். இங்கே வேண்டியது தீங்கு என்ற பொருள். ‘ஊறொரால் உற்றபின் ஒல்காமை’ என்று குறள் 662 வருமுன் விலக்குவதையும் வந்தபின் தளராமையையும் தனித்தனியாக வைத்திருக்கிறது, நம் படிவக்காரர்களுக்குத்தான் முன்னும் பின்னும் ஒன்றாகத் தெரிகிறது. ‘பாதிப்பு’ வடசொல் என்பதற்காக நான் இதைச் சொல்லவில்லை. சேதத்துக்கு அது தாராளமாக இருக்கட்டும்.

இதே ஆட்கள்தான் மேசன்ரியை ‘கொத்தனார் வேலை’ என்றும், கம்பி போடாத கட்டை ‘வலுவூட்டப்படாத கொத்து’ என்றும் எழுதுகிறார்கள். எந்த மேஸ்திரியிடமாவது கேட்டிருந்தால் ‘கட்டு’ என்று ஒரே சொல்லில் சொல்லியிருப்பார், செங்கல் கட்டு, கல் கட்டு, கம்பி போடாத கட்டு. அகராதியைத் திறக்கிற நேரத்தில் சாரத்தடிக்குப் போய் ஒரு டீ குடித்துவிட்டு வந்திருக்கலாம்.