பப்ஸ் மாவில் வெண்ணெய்க்கு என்ன வேலை?

பப்ஸ் மாவில் ஈஸ்ட் கிடையாது. பேக்கிங் பவுடர், சோடா உப்பு எதுவும் கிடையாது. மைதா, தண்ணீர், உப்பு, வெண்ணெய், துளி வினிகர், அவ்வளவுதான். இருந்தும் 3 மி.மீ. கனத்துக்குத் தேய்த்த மாவு ஓவனுக்குள் பல மடங்கு எழும்பிவிடுகிறது. அதை எழுப்புவது நீராவி. தண்ணீர் 100 டிகிரி செல்சியஸில் ஆவியாகும்போது ஏறக்குறைய 1,600 மடங்கு இடத்தை அடைத்துக்கொள்ளும். அந்த ஆவி மாவு அடுக்குகளுக்கிடையே மாட்டிக்கொண்டால் பப்ஸ் உப்பும். தப்பிக்க ஓட்டை கிடைத்தால் மாவு தட்டையாகவே வெந்துபோகும்.

வெண்ணெயில் உள்ள தண்ணீர்தான் ஆவியாகி மாவைத் தூக்குகிறது என்று சமையல் குறிப்புகளில் அடிக்கடி பார்க்கலாம். கணக்குப் போட்டால் அது உதைக்கிறது. 250 கிராம் மைதாவுக்கு 125 மி.லி. தண்ணீர் ஊற்றிப் பிசைகிறோம். உள்ளே மடிக்கும் 200 கிராம் வெண்ணெயில் தண்ணீர் சுமார் 16 சதவீதம், அதாவது 32 கிராம்தான். ஆவியில் பெரும்பகுதி மாவிலிருந்தே வருகிறது. தண்ணீரே இல்லாத வனஸ்பதியில் செய்தாலும் பப்ஸ் உப்புவதற்குக் காரணம் இதுதான். அப்படியானால் கொழுப்பின் வேலை என்ன? ஒரு மாவு அடுக்கு அடுத்த அடுக்கோடு ஒட்டிவிடாமல் நடுவில் தடுப்பாக நிற்பது. ருசி தருவதெல்லாம் அதற்குப் பிறகு.

இந்தத் தடுப்பு எவ்வளவு மெல்லியது தெரியுமா? வெண்ணெயை மாவுக்குள் வைத்து மூடி, நீளமாகத் தேய்த்து, மூன்றாக மடித்தால் வெண்ணெய் மூன்று அடுக்காகும். மறுபடி மடித்தால் 9, பிறகு 27, நான்காவது மடிப்பில் 81. மொத்த எடையில் வெண்ணெய் மூன்றில் ஒரு பங்கு என்று வைத்துக்கொண்டால், 3 மி.மீ. கனத்துக்குத் தேய்த்த மாவில் ஒவ்வொரு வெண்ணெய் அடுக்கும் 0.012 மி.மீ.தான். தலைமுடியைவிட மெல்லியது. பிரெஞ்சுப் பாரம்பரிய முறையில் ஆறு முறை மடித்து 729 அடுக்கு வரை போவார்கள். பழகிய கைக்கு அது சரி. வீட்டில், அதுவும் பூரணம் வைக்கும் பப்ஸுக்கு, நான்கு மடிப்பே போதும். அதற்கு மேல் போனால் தடுப்பு அங்கங்கே கிழிந்து வெண்ணெய் மாவோடு கலந்துவிடும். பப்ஸுக்குப் பதில் உதிரும் பிஸ்கட் போன்ற ஒன்று கிடைக்கும்.

மாவுக்கு 250 கிராம் மைதா, 5 கிராம் உப்பு, 25 கிராம் வெண்ணெய், ஒரு டீஸ்பூன் வினிகர், 125 மி.லி. குளிர்ந்த தண்ணீர். வெண்ணெயை மைதாவில் உதிர்த்துவிட்டு, மற்றவற்றைச் சேர்த்து, ஒன்றுசேரும் வரை மட்டும் பிசைந்தால் போதும். மழமழவென்று ஆகும்வரை அடித்துப் பிசைய வேண்டாம். பின்னால் தேய்க்கும் ஒவ்வொரு முறையும் மைதாவின் குளூட்டன் (மாவுக்கு இழுவை தரும் புரத வலை) தானாக இறுகத்தான் போகிறது. மூடி அரை மணி நேரம் ஃப்ரிட்ஜில் வையுங்கள்.

இதற்கிடையில் உப்பில்லாத வெண்ணெய் 200 கிராமை இரண்டு பட்டர் பேப்பருக்கு நடுவில் வைத்து, உருட்டுக்கட்டையால் தட்டி 15 செ.மீ. சதுரத் தகடாக்குங்கள். எல்லாத் தோல்விகளும் முளைக்கும் இடம் இந்தத் தகடுதான், அதனால் இங்கே கொஞ்சம் நிதானம் தேவை. வெண்ணெய் வளைய வேண்டும், உடையவும் கூடாது, இளகவும் கூடாது. அந்த நிலை சுமார் 13 முதல் 16 டிகிரிக்குள் இருக்கிறது. வெப்பமானி இல்லாவிட்டால் தகட்டை மேசை விளிம்புக்கு வெளியே பாதி நீட்டி, மெல்லக் கீழே அழுத்திப் பாருங்கள். படக்கென்று விரிசல் விட்டால் இன்னும் ஐந்து நிமிடம் வெளியே இருக்கட்டும். எதிர்ப்பே இல்லாமல் துவண்டு, பேப்பரில் எண்ணெய்ப் பளபளப்பு தெரிந்தால் திரும்ப ஃப்ரிட்ஜுக்கு. விரலால் அழுத்தினால் பள்ளம் விழ வேண்டும், விரலில் ஒட்டக் கூடாது.

மிகக் குளிர்ந்த வெண்ணெய் தேய்க்கும்போது துண்டு துண்டாக உடையும். துண்டுகளுக்கு இடைப்பட்ட இடத்தில் மாவும் மாவும் ஒட்டிக்கொள்ளும். வெளியே பார்த்தால், தேய்த்த மாவில் மஞ்சள் திட்டுகளாகத் தெரியும். மிக இளகிய வெண்ணெய் மாவுக்குள் ஊறும், அல்லது ஓரத்தில் பிதுங்கும். மாவும் வெண்ணெயும் ஒரே இறுக்கத்தில் இருந்தால்தான் இரண்டும் சேர்ந்து விரியும்.

மாவை 33 செ.மீ. நீளம், 17 செ.மீ. அகலத்துக்குத் தேய்த்து, ஒரு பாதியில் தகட்டை வைத்து, மறு பாதியால் மூடி, மூன்று ஓரங்களையும் அழுத்தி அடையுங்கள். முதலில் உருட்டுக்கட்டையால் வரிசையாக அழுத்தி, பிறகு நீளவாக்கில் 45 செ.மீ. வரை தேய்க்கலாம். மேலே ஒட்டியிருக்கும் உலர் மாவைப் பிரஷ்ஷால் தட்டிவிட்டு மூன்றாக மடியுங்கள். 90 டிகிரி திருப்பி இன்னொரு முறை. திருப்பாமல் ஒரே திசையில் இழுத்தால் குளூட்டன் அந்தத் திசையிலேயே இறுகி, பப்ஸ் ஓவனில் கோணலாகச் சுருங்கும். இரண்டு மடிப்புக்குப் பிறகு 40 நிமிடம் ஃப்ரிட்ஜ், அடுத்த இரண்டு மடிப்பு, மறுபடி ஒரு மணி நேரம். இந்த ஓய்வு வெண்ணெயை இறுக்க மட்டுமல்ல, குளூட்டன் தளர்வதற்கும்தான். தேய்த்த மாவு ரப்பர் போலப் பின்னால் இழுத்தால் வலுவைக் காட்டாதீர்கள்; கால் மணி நேரம் ஃப்ரிட்ஜில் வைத்தால் அதுவே இணங்கிவிடும். அறை வெப்பம் 30 டிகிரியைத் தாண்டும் நாளில் ஒவ்வொரு மடிப்புக்கும் இடையே ஃப்ரிட்ஜ் தேவைப்படும். சோம்பல் பட்டால் வெண்ணெய் பழிவாங்கும்.

பேஸ்ட்ரி மார்ஜரின் பயன்படுத்தினால் இந்தத் தொல்லை குறையும், ஏனென்றால் அது உடல் வெப்பத்துக்கும் மேலேதான் உருகும். அதே காரணத்தால்தான் அண்ணத்தில் மெழுகுபோல் ஒட்டவும் செய்கிறது. ருசியில் வெண்ணெய்க்கு ஈடில்லை.

பூரணத்தைப் பொறுத்தவரை இரண்டே நிபந்தனைகள்: ஈரம் இருக்கக் கூடாது, சூடு இருக்கக் கூடாது. காளானில் பத்தில் ஒன்பது பங்கு தண்ணீர், வெங்காயத்திலும் ஏறக்குறைய அப்படித்தான். வாணலியில் சத்தம் ‘சளசள’விலிருந்து ‘சரசர’வுக்கு மாறி, கரண்டியால் கோடு கிழித்தால் அடியில் நீர் ஊறாமல் இருக்கும்வரை வதக்க வேண்டும். இல்லாவிட்டால் அந்த நீர் அடி மாவில் இறங்கும். ஈரமான மாவு 100 டிகிரியைத் தாண்டாது. தாண்டாதவரை சிவக்காது, மொறுமொறுப்பாகாது. மசித்த உருளைக்கிழங்கு நல்ல துணை: அதன் வெந்த ஸ்டார்ச் ஈரத்தைப் பிடித்துவைக்கும். ஒரு கைப்பிடி ரொட்டித்தூளும் இதையே செய்யும். இறைச்சியானால் முழுதாக வேகவைத்துத்தான் வைக்க வேண்டும். பப்ஸ் வேகும் நேரத்தை நம்பிப் பச்சை இறைச்சியை உள்ளே வைப்பது ஆபத்து.

மாவை 3 மி.மீ. கனத்தில் தேய்த்து 10 செ.மீ. சதுரங்களாக வெட்டினால் 16 முதல் 18 வரை வரும். மடித்த ஓரங்களில் மட்டும் அரை செ.மீ. நறுக்கி எடுத்துவிடுங்கள், அங்கே அடுக்குகள் விரிய முடியாமல் மூடியிருக்கும். கத்தி கூராக இருக்க வேண்டும், நேராகக் கீழே இறங்க வேண்டும். மழுங்கிய கத்தியால் இழுத்து அறுத்தால் 81 அடுக்குகளும் ஓரத்தில் ஒன்றாக நசுங்கி ஒட்டிக்கொள்ளும். சதுரத்துக்கு 25 கிராம் பூரணம். உள் ஓரத்தில் தண்ணீர் தடவி, முக்கோணமாக மடித்து, விளிம்பிலிருந்து சற்று உள்ளே தள்ளி அழுத்துங்கள். மேலே முட்டையும் ஒரு டேபிள்ஸ்பூன் பாலும் அடித்துத் தடவலாம். முட்டை வேண்டாம் என்றால் பால் மட்டும். வெட்டிய பக்கவாட்டில் அது வழியக் கூடாது. வெந்ததும் முட்டை பசையாகி அடுக்குகளைப் பூட்டிவிடும். ஒரு பக்கம் உயர்ந்து மறு பக்கம் சப்பையாக வரும் பப்ஸை உற்றுப் பார்த்தால், சப்பையான பக்கத்தில் பெரும்பாலும் இந்த மஞ்சள் வழிசல் காய்ந்திருக்கும்.

ஓவனுக்குள் நடப்பது ஒரு பந்தயம். வெண்ணெய் 35 டிகிரிக்குள் உருகிவிடுகிறது. ஆவியோ 100 டிகிரி நெருங்கினால்தான் பெருகும். இடைப்பட்ட நேரம் எவ்வளவு குறைவோ அவ்வளவு நல்லது. ஓவன் மந்தமாகச் சூடேறினால் உருகிய வெண்ணெய் வழிந்து தட்டில் குளமாகத் தேங்கும், மாவு அதில் பொரியும். வேகமாகச் சூடேறினால் உருகிய கொழுப்பு வழியுமுன் ஆவி அடுக்குகளை விலக்கும். 60, 70 டிகிரியில் ஸ்டார்ச் நீரை உறிஞ்சிக் கெட்டிப்படும், அதைத் தொடர்ந்து குளூட்டனும் இறுகி வடிவத்தைத் தாங்கும். எனவே ஓவனை 220 டிகிரியில் 20 நிமிடம் முன்கூட்டியே சூடாக்குங்கள், உள்ளே ஒரு காலித் தட்டோடு. பப்ஸை அதற்குள் 20 நிமிடம் ஃப்ரிட்ஜில் குளிரவைத்து, அந்தச் சூடான தட்டின்மேல் பட்டர் பேப்பரோடு நகர்த்திவிடுங்கள். பூரணத்தின் பாரமும் குளிர்ச்சியும் அழுத்தும் அடிப்பாகத்துக்கு இந்த நேரடிச் சூடு அவசியம். 15 நிமிடம் கழித்து 180 டிகிரிக்குக் குறைத்து இன்னும் 12 முதல் 15 நிமிடம். ஃபேன் ஓடும் கன்வெக்‌ஷன் ஓவனானால் இரண்டிலும் 20 டிகிரி குறைவு. முதல் 15 நிமிடம் கதவைத் திறக்கவே வேண்டாம்.

மேல்புறம் பொன்னிறமானதும் எடுக்கத்தான் கை பரபரக்கும். அப்போது உள் அடுக்குகளில் இன்னும் ஈரம் இருக்கும். வெளியே வந்ததும் ஆவி குளிர்ந்து சுருங்க, பப்ஸ் அமுங்கிவிடும். பக்கவாட்டு அடுக்குகளும் வெளுப்பு நீங்கிச் சிவந்திருக்க வேண்டும், தூக்கினால் லேசாக இருக்க வேண்டும், அடியைத் தட்டினால் வெற்று ஓசை வர வேண்டும். எடுத்ததும் கம்பித் தட்டில் ஆறவிடுங்கள். சமதளத்தில் வைத்தால் அடி வியர்த்து நமுத்துப்போகும்.

மீந்ததை மைக்ரோவேவில் சூடாக்கினால் பூரணத்தின் ஈரம் மேலோட்டுக்கு ஏறி எல்லாம் தொளதொளத்துவிடும். 180 டிகிரி ஓவனில் 6, 7 நிமிடம் வைத்தால் மொறுமொறுப்பு திரும்பும். அதைவிட நல்ல வழி, மடித்த பச்சைப் பப்ஸையே ஃப்ரீசரில் தனித்தனியாக உறையவைத்து, வேண்டும்போது எடுப்பது. உறைநிலை போகக் காத்திருக்காமல் அப்படியே ஓவனில் வைத்து, வேகும் நேரத்தோடு ஐந்து முதல் எட்டு நிமிடம் கூட்டிக்கொள்ளுங்கள்.