ஃபீல்ட் வொர்க் ரிப்போர்ட்டில் கையெழுத்துப் போடும் முன்

எம்.எஸ்.டபிள்யூ. (சமூகப் பணி முதுகலை) மாணவர்கள் நீட்டும் ஃபீல்ட் வொர்க் ரிப்போர்ட்டுகளில் அடிக்கடி கண்ணில் படும் வரி இது: "தாய் ஒத்துழைக்கவில்லை. குழந்தை மீது அக்கறை குறைவு."

சூப்பர்வைசர் கையெழுத்துப் போட்டு அனுப்பிவிடலாம். பல நிறுவனங்களில் அதுதான் நடக்கிறது. ஆனால் அந்த மாணவியைப் பக்கத்தில் உட்காரவைத்துக் கேட்டுப் பாருங்கள்.

"எத்தனை மணிக்கும்மா போனே?"

"பதினோரு மணி, மேடம்."

"வீட்ல யாரெல்லாம் இருந்தாங்க?"

"அம்மாவும் மாமியாரும். பக்கத்து வீட்டு அக்காவும் வந்து நின்னாங்க."

"முதல்ல என்ன கேட்டே?"

"பையனை ஏன் ஸ்கூலுக்கு அனுப்பலைன்னு."

"அதுக்கு?"

"ஒண்ணும் சொல்லலை. உள்ளே போயிட்டாங்க."

மாமியார் எதிரில், அக்கம்பக்கத்தார் காதுபட, முன்பின் தெரியாத ஒருவர் இப்படிக் கேட்டால் எந்தத் தாய் வாய் திறப்பார்? அவருக்குத் தோதான நேரம் கேட்டு, தனியாகப் பேச மறுபடி அனுப்பினால், வீட்டுக் கடனும் பையன் வேலைக்குப் போகும் கதையும் மெல்ல வெளியே வரும். "பதில் சொல்லாமல் உள்ளே போனார்" என்பது கண்டது, "அக்கறை குறைவு" என்பது தான் முடிவு கட்டியது என்று மாணவிக்கும் அங்கேதான் புரிகிறது. வகுப்பில் இதை எத்தனை முறை சொன்னாலும், தன் ரிப்போர்ட்டை வைத்துப் பேசும்போதுதான் மனதில் பதிகிறது.

இது வெறும் மார்க் விஷயம் இல்லை. நாளைக்கு இதே பெண் மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகில் வேலைக்குச் சேரலாம். இளைஞர் நீதிச் சட்டம், 2015-இன்படி சமூக விசாரணையை, அதாவது குழந்தையின் வீட்டுச் சூழலை விசாரித்து அறிக்கை தருவதை, 15 நாட்களுக்குள் முடிக்க வேண்டும். குழந்தையை வீட்டுக்கு அனுப்புவதா, குழந்தைகள் இல்லத்தில் வைப்பதா என்று குழந்தைகள் நலக் குழு முடிவெடுக்கும்போது அந்த அறிக்கையைத்தான் முக்கியமாகப் பார்க்கும். அவசரத்தில் எழுதிய இரண்டு வார்த்தை ஒரு பையனை அம்மாவிடமிருந்து பல மாதங்கள் பிரித்து வைத்துவிடும்.

இந்தியாவில் சமூகப் பணிப் படிப்பு 1936-இல் மும்பையில் தொடங்கியது. தொடங்கியவர் கிளிஃபோர்டு மான்ஷார்ட். நாக்பாடா பகுதி மக்களுக்காக நடந்த ஒரு சேவை மையத்தை நடத்திவந்தவர் அவர். மக்களோடு இருந்து கற்பது அன்றைக்கே இந்தப் படிப்பின் உயிர். சென்னையில் மேரி கிளப்வாலா ஜாதவ் 1952-இல் மெட்ராஸ் ஸ்கூல் ஆஃப் சோஷியல் வொர்க்கைத் தொடங்கினார். அன்றிலிருந்து இன்றுவரை ஃபீல்ட் வொர்க் பாடத்திட்டத்தில் இருக்கிறது. உட்கார்ந்து பேசும் சூப்பர்வைசர்தான் குறைந்துகொண்டே போகிறார்.

பட்டம் வாங்கிய பிறகு நிலைமை இன்னும் மோசம். மனநலப் பராமரிப்புச் சட்டம், 2017, மனநல சமூகப் பணியாளருக்கு எம்.எஸ்.டபிள்யூ. போதாது, மேற்பார்வையுடன் கூடிய இரண்டாண்டு எம்.ஃபில். பயிற்சியும் வேண்டும் என்கிறது. சரியான நிபந்தனை. ஆனால் போக்சோ (குழந்தைகள் மீதான பாலியல் குற்றங்களுக்கான சட்டம்) வழக்கில் பாதிக்கப்பட்ட குழந்தையோடு பேசப்போகும் இருபத்திமூன்று வயதுப் பெண்ணுக்கு அப்படி ஒரு மேற்பார்வை பெரும்பாலும் கிடைப்பதில்லை. அவர் கேட்டதையெல்லாம் மனதில் சுமந்துகொண்டு சாயங்காலம் பஸ் ஏறுகிறார். மறுநாள் அடுத்த ஃபைல். நல்ல பணியாளர்கள் இரண்டு மூன்று வருடத்தில் இந்தத் துறையை விட்டுப் போவதற்குச் சம்பளம் ஒரு காரணம் என்றால், இந்தத் தனிமையும் ஒரு காரணம் என்பது என் உறுதியான எண்ணம்.

நிறுவனத் தலைவர்கள் வாரத்தில் ஒரு மணி நேரம் கேஸ் பேசுவதற்கென்றே ஒதுக்க வேண்டும். டார்கெட், பில், போட்டோ எதுவும் அந்த நேரத்துக்குள் வரக்கூடாது. வேலை தேடும் இளைஞர்கள் இன்டர்வியூவில் சம்பளத்தோடு இதையும் தயங்காமல் கேளுங்கள்: "என் கேஸ்களைப் பற்றி நான் யாரிடம், எந்தக் கிழமை பேசலாம்?"