பார்வை போனதும் போனை வாங்கி வைத்துவிடாதீர்கள்

சென்ற மாதம் ஐம்பத்திரண்டு வயதுக்காரர் ஒருவர் மனைவியோடு வந்திருந்தார். அரசுப் பள்ளியில் கணக்கு வாத்தியார். சர்க்கரை நோயால் விழித்திரையில் ரத்தம் கசிந்து, இப்போது இரண்டு கண்ணிலும் வெளிச்சம் மட்டும்தான் தெரிகிறது. சட்டைப் பையில் ஒரு பட்டன் போன் இருந்தது.

"டச் போன் என்னாச்சு சார்?" என்று கேட்டேன்.

"இனிமே அது எதுக்குன்னு பையன்கிட்ட குடுத்துட்டாங்க தம்பி."

மனைவி உடனே, "பாவம், எதையாவது அமுக்கிப் பணம் கிணம் போயிட்டா என்ன பண்றது?" என்றார். அவர் சொன்னது முழுக்க அக்கறையோடுதான். ஆனால் அந்த போனோடு சேர்ந்து வாத்தியாரின் வாட்ஸ்அப் குழுக்கள், வங்கிக் கணக்கு, காலையில் கேட்கும் செய்தி, பழைய மாணவர்களின் எண்கள் எல்லாமே அவர் கையைவிட்டுப் போயிருந்தன. பார்வை போய் மூன்று மாதம்கூட ஆகவில்லை.

பார்வை இழந்தவர்களுக்கு மறுவாழ்வுப் பயிற்சி கொடுப்பது என் வேலை. இந்தக் காட்சியை அடிக்கடி பார்க்கிறேன். "கண் தெரியாதவருக்கு எந்த போன் வாங்கலாம், ஐபோனா ஆண்ட்ராய்டா?" என்று கேட்டு வருகிறவர்களும் உண்டு. அதற்கும் பதில் சொல்கிறேன். ஆனால் எதையும் வாங்குவதற்கு முன்னால் வீட்டில் இருக்கும் போனை எடுங்கள். அது ஐபோனாக இருந்தால் அதற்குள் வாய்ஸ்ஓவர் இருக்கிறது. ஆண்ட்ராய்டாக இருந்தால் அநேகமாக டாக்பேக் இருக்கும். இரண்டுமே திரையில் இருப்பதைக் குரலில் படித்துச் சொல்லும் திரைவாசிப்பான்கள். இரண்டுக்கும் தனியாகக் காசு கிடையாது. நோக்கியா போன்கள் காலத்தில் இதே வசதிக்கான மென்பொருளைத் தனியே விலை கொடுத்து வாங்க வேண்டியிருந்தது.

இவை வேலை செய்யும் விதம் பார்வையுள்ளவர்களுக்கு முதலில் பிடிபடாது. விரல் வைத்தால் அந்த இடத்தில் இருப்பதைச் சொல்லும், ஆனால் திறக்காது. திறக்க வேண்டுமானால் திரையில் எங்கே வேண்டுமானாலும் இரண்டு முறை தட்ட வேண்டும். ஒரு விரலை வலப்பக்கம் தள்ளினால் அடுத்தது, இடப்பக்கம் தள்ளினால் முந்தையது. இது தெரியாததால்தான், தற்செயலாக டாக்பேக் ஆன் ஆகிவிட்டால் "போன் கெட்டுப்போச்சு" என்று கடைக்கு எடுத்துக்கொண்டு ஓடுகிறார்கள். பெரும்பாலான ஆண்ட்ராய்டு போன்களில் ஒலியைக் கூட்டும், குறைக்கும் பட்டன்கள் இரண்டையும் சேர்த்து மூன்று விநாடி அழுத்தினால் டாக்பேக் வரும், மறுபடி அழுத்தினால் போகும். ஐபோனில் பக்கவாட்டு பட்டனை (ஹோம் பட்டன் உள்ள மாடல்களில் அந்த பட்டனை) மூன்று முறை அழுத்தினால் வாய்ஸ்ஓவர் வரும்படி அமைத்துக்கொள்ளலாம். வீட்டில் ஒருவராவது இதைக் கற்றுவைத்திருங்கள்.

சரி, எது நல்லது?

ஐபோனில் வாய்ஸ்ஓவர் 2009-இல் வந்தது, 3ஜிஎஸ் மாடலோடு. வழவழப்பான கண்ணாடியைப் பார்வையற்றவர் விரலால் தடவிப் படிக்க முடியும் என்பதை முதலில் ஊரறியக் காட்டியது அதுதான். ஆண்ட்ராய்டில் டாக்பேக்கும் அதே ஆண்டு வந்துவிட்டது. ஆனால் விரல் வைத்த இடத்தைப் படிக்கும் வசதி 2011-இல் 4.0 பதிப்பில்தான் கிடைத்தது, வலம் இடம் தள்ளி நகரும் சைகை அதற்கும் அடுத்த ஆண்டு. அந்த இரண்டு மூன்று ஆண்டு இடைவெளியில் மேலை நாடுகளின் பார்வையற்றோர் பெருவாரியாக ஐபோன் பக்கம் போய்விட்டார்கள். அமெரிக்காவின் வெப்எய்ம் அமைப்பு திரைவாசிப்பான் பயன்படுத்துவோரிடம் நடத்தும் கணக்கெடுப்புகளில் இன்றும் சுமார் பத்தில் ஏழு பேர் ஐபோன்காரர்கள். அதில் பதில் சொல்கிறவர்களில் பெரும்பகுதி வட அமெரிக்காவும் ஐரோப்பாவும். அந்த எண்ணை அப்படியே நம் ஊருக்குக் கொண்டுவந்து "ஐபோன்தான் ஒரே வழி" என்று சொல்கிறவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. கடன் வாங்கி ஐபோன் வாங்கிவிட்டு, அது பேசுவது புரியாமல் அலமாரியில் வைத்துவிட்ட குடும்பங்களைப் பார்த்திருக்கிறேன்.

புரியாமல் போனதற்குக் காரணம் மொழி. நம் மக்களுக்கு மற்ற எல்லா ஒப்பீட்டையும்விட முக்கியமானது தமிழ்க் குரல். 2022-இல் ஐபோனின் இயங்குதளமான ஐஓஎஸ்ஸின் 16-ஆம் பதிப்பு வரும்வரை வாய்ஸ்ஓவரோடு தமிழ்க் குரல் வரவில்லை. வாட்ஸ்அப்பில் தமிழில் ஒரு செய்தி வந்தால் ஐபோன்காரர் அதைப் படிக்க வேறு யாரையாவது தேட வேண்டியிருந்தது. ஆண்ட்ராய்டில் அப்போதே வழி இருந்தது. எந்த நிறுவனத்தின் குரலையும் தனியே நிறுவி டாக்பேக்கோடு இணைத்துக்கொள்ள அது இடம் கொடுத்தது. ஈஸ்பீக் போன்ற இலவசக் குரல் இரும்புக் குழாய்க்குள்ளிருந்து பேசுவதுபோல ஒலிக்கும். ஆனால் தமிழ் படித்தது. பின்னால் கூகுளின் தமிழ்க் குரல் வந்ததும் காதுக்கு இதமானது. மெனுவையும் அமைப்புகளையும் தமிழிலேயே வைத்துக்கொள்வதிலும் ஐபோன் பின்தங்கியே இருந்தது.

ஆகவே பழைய ஐபோன் வாங்க நினைப்பவர்கள் ஒன்றை மட்டும் கட்டாயம் பாருங்கள். ஐஓஎஸ் 16 ஏறுகிற போனா? ஐபோன் 8-க்கு முந்தையவற்றில் ஏறாது. விலை குறைவு என்று 7-ஐ வாங்கிக் கொடுத்தால் தமிழ் மட்டும் தெரிந்த அம்மாவுக்கு அது ஊமை போன்தான்.

குரல் இருந்தாலும் சிக்கல் தீர்ந்துவிடாது. ஓடிபி வந்ததும் ஆறு இலக்கத்தையும் சேர்த்து "நான்கு லட்சத்து எழுபத்து மூவாயிரத்து..." என்று ஒரே எண்ணாகப் படிப்பதுண்டு. கேட்பவர் மனதில் அதைப் பிரித்து, ஒவ்வொன்றாகத் தட்டுவதற்குள் நேரம் முடிந்துவிடும். இதைச் சமாளிக்க எழுத்து எழுத்தாகப் படிக்கவைக்கக் கற்றுக்கொள்ள வேண்டும். வாய்ஸ்ஓவரில் திரைமேல் இரண்டு விரலை வைத்துக் குழாய் திருகுவதுபோலத் திருப்பினால் 'எழுத்து' என்று வரும், அப்புறம் ஒரு விரலைக் கீழே தள்ளத் தள்ள ஒவ்வொரு இலக்கமாகச் சொல்லும். புதிய டாக்பேக்கில் மூன்று விரலை மேலோ கீழோ தள்ளி அதே தேர்வுக்குப் போகலாம். நான் தவறாமல் சொல்லிக்கொடுக்கும் பாடம் இது.

சைகைகளைப் பொறுத்தவரை வாய்ஸ்ஓவர் இன்னும் ஒரு படி மேலே என்பது என் அனுபவம். இரண்டு விரலால் இரண்டு முறை தட்டினால் அழைப்பை எடுக்கலாம், முடிக்கலாம். பஸ்ஸில் நின்றுகொண்டு பச்சை பட்டன் எங்கே என்று தடவ வேண்டியதில்லை. எந்த ஐபோனை எடுத்தாலும் இது ஒரே மாதிரி இருக்கும். ஆண்ட்ராய்டில் ஒவ்வொரு தயாரிப்பாளரும் தங்கள் விருப்பப்படி மாற்றங்கள் செய்கிறார்கள். சில மலிவான போன்களில் பேட்டரியை மிச்சப்படுத்தும் அமைப்பே டாக்பேக்கை நடுவில் நிறுத்திவிடுகிறது. விரல் வைத்து ஒரு நொடி கழித்துக் குரல் வந்தால் புதிதாகக் கற்பவர் தான்தான் தவறு செய்கிறோம் என்று நினைத்துக்கொள்வார். அந்த ஒரு நொடித் தாமதம் பலரை முதல் நாளே கைவிட வைத்துவிடும். அதனால் ஆண்ட்ராய்டு வாங்குகிறவர்கள் கேமராவைப் பார்க்காதீர்கள். அந்தப் பணத்தை ராம் நினைவகத்தில் போடுங்கள்.

டாக்பேக்கின் பக்கம் இன்னொரு நன்மை: அது பிளே ஸ்டோர் வழியாகவே புதுப்பிக்கப்படுகிறது. போன் கொஞ்சம் பழசானாலும் புதிய திரைவாசிப்பான் கிடைக்கும். வாய்ஸ்ஓவர் முழு ஐஓஎஸ்ஸோடு சேர்ந்துதான் மாறும். ஆண்ட்ராய்டில் டாக்பேக்கை விட்டுவிட்டு வேறு திரைவாசிப்பான்களையும் நிறுவ முடியும். நம் நண்பர்கள் பலர் அப்படிச் செய்கிறார்கள். வேகமாக இருக்கிறது என்பதும் உண்மைதான். ஆனால் திரைவாசிப்பானுக்கு நீங்கள் தட்டும் எல்லாமே தெரியும். யாரோ குழுவில் அனுப்பிய கோப்பை நிறுவிவிட்டு அதே போனில் வங்கி ஆப்பைத் திறக்காதீர்கள். இதை நான் கெஞ்சியே கேட்கிறேன்.

இரண்டு போனிலும் பொதுவாக நிற்கும் சுவர், ஆப்கள். வாங்கும்போது யாரும் இதை நினைத்துப் பார்ப்பதில்லை. பட்டனுக்குப் படம் மட்டும் போட்டுப் பெயர் எழுதாமல் விட்டுவிட்டால் திரைவாசிப்பான் "பட்டன்" என்று மட்டும் சொல்லும். அடுத்ததும் பட்டன். அதற்கடுத்ததும் பட்டன். எது 'அனுப்பு', எது 'நீக்கு' என்று எப்படித் தெரியும்? ஐபோனில் அந்த பட்டனுக்கு வந்து, இரண்டு விரலால் இரண்டு முறை தட்டி, இரண்டாம் தட்டில் விரலை எடுக்காமல் வைத்திருந்தால் நாமே பெயர் வைக்கலாம். டாக்பேக் மெனுவிலும் லேபிள் சேர்க்கும் வசதி உண்டு. 2020-இல் வந்த ஐஓஎஸ் 14-இலிருந்து, போன் தானே திரையைப் பார்த்து இது என்ன பட்டன் என்று ஊகிக்கும் வசதியும் இருக்கிறது, ஓரளவு புதிய மாடல்களில் மட்டும். டாக்பேக்கும் இப்போது சில ஐகான்களை அடையாளம் சொல்கிறது. ஆனாலும் ஊகம் ஊகம்தான். பெயர் எழுத வேண்டியது ஆப்பை உருவாக்குகிறவர். அவருக்கு அது ஒரு வரி வேலை.

என்னிடம் பயிற்சி பெற்ற ஒரு தங்கை, வங்கித் தேர்வுக்குப் படிப்பவர், புதுக் கணக்கு தொடங்கப் போனில் முயன்றார். முகத்தைக் காட்டி, கண் சிமிட்டச் சொன்னது அந்த ஆப். பிறவியிலேயே விழி வளராதவர் அவர். எதைச் சிமிட்டுவது? கடைசியில் கிளைக்குப் போய், உடன் வந்தவரிடம் விவரமெல்லாம் சொல்லித்தான் கணக்குத் தொடங்க முடிந்தது. வீட்டுக்கு வந்ததும் என்னைக் கூப்பிட்டு, "அண்ணா, போன் நல்லாத்தான் இருக்கு, நான்தான் சரியில்லைன்னு சொல்ற மாதிரி இருந்துச்சு" என்றார்.

இந்தக் கண் சிமிட்டல் விவகாரம் உச்ச நீதிமன்றம் வரை போயிற்று. ஆசிட் வீச்சில் முகமும் கண்ணும் பாதிக்கப்பட்டவர்களும் பார்வையற்ற ஒருவரும் தொடுத்த வழக்குகளில், நீதிபதிகள் ஜே.பி. பர்திவாலா, ஆர். மகாதேவன் அமர்வு 2025 ஏப்ரல் 30 அன்று தீர்ப்பளித்தது. டிஜிட்டல் சேவைகளை அணுகுவது அரசமைப்பின் 21-ஆம் பிரிவு தரும் வாழ்வுரிமையின் ஒரு பகுதி என்றது. வாடிக்கையாளரின் அடையாளத்தைச் சரிபார்க்கும் கேஒய்சி முறைகளை மாற்ற 20 உத்தரவுகளும் கொடுத்தது. 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் ஏற்கெனவே இருக்கிறது. எனவே ஏதாவது ஆப் வேலை செய்யவில்லையென்றால் பயிற்சி போதவில்லை என்று உங்களையே நொந்துகொள்ளாதீர்கள். அந்த நிறுவனத்துக்கு எழுதுங்கள். எந்தத் திரையில், எந்த பட்டன், எந்தத் திரைவாசிப்பான் என்று குறிப்பாக எழுதுங்கள். "உங்கள் ஆப் சரியில்லை" என்று மட்டும் எழுதினால் யாரும் திருத்த மாட்டார்கள்.

பணம் பற்றிய பயத்துக்கும் வழி இருக்கிறது. ஒரு காதில் இயர்போன் மாட்டிக்கொண்டால் போன் படிக்கும் இலக்கங்கள் பக்கத்தில் இருப்பவருக்குக் கேட்காது. ஐபோனில் மூன்று விரலால் மூன்று முறை தட்டினால் திரை முழுக்கக் கறுத்துவிடும், வேலை மட்டும் நடந்துகொண்டிருக்கும். டாக்பேக்கிலும் திரையை மறைக்கும் அமைப்பு உண்டு. பின்னால் நின்று எட்டிப் பார்க்கிறவருக்கு ஒன்றும் தெரியாது. கையில் இருக்கும் நோட்டு நூறா ஐந்நூறா என்று தெரிய ரிசர்வ் வங்கி 2020 ஜனவரியில் வெளியிட்ட மணி ஆப் இணையம் இல்லாமலே சொல்லும். அது இரண்டு வகைப் போனிலும் கிடைக்கிறது.

என் பரிந்துரை இதுதான். தமிழ் மட்டும் படிக்கும் பெரியவர், புதிதாகப் பார்வை இழந்தவர், வீட்டில் எல்லாரிடமும் ஆண்ட்ராய்டு என்றால் அவருக்கும் ஆண்ட்ராய்டு. சந்தேகம் வந்தால் கேட்க ஆள் பக்கத்திலேயே இருப்பதைவிடப் பெரிய வசதி எந்த போனிலும் இல்லை. ஆங்கிலம் நன்றாகத் தெரிந்த, வேலைக்கோ படிப்புக்கோ போனை நாள் முழுக்க நம்பியிருக்கும் இளைஞருக்கு வசதி இருந்தால் ஐபோன். காது மந்தமான முதியவர் என்றால் இரண்டையும் கையில் கொடுத்து, குரலின் வேகத்தைக் குறைத்து, எது தெளிவாகக் கேட்கிறது என்று அவரையே சொல்லச் சொல்லுங்கள். கடையிலேயே அரை மணி நேரம் அவகாசம் கேட்டுப் பழகிப் பாருங்கள். அந்த அரை மணி நேரமும் போன் அவர் கையில் இருக்க வேண்டும், உங்கள் கையில் அல்ல.

வாத்தியாரிடம் மறுவாரம் அந்தப் பழைய போனையே கொண்டுவரச் சொன்னேன். மகனும் வந்திருந்தான். குரலைத் தமிழுக்கு மாற்றி, வேகத்தைப் பாதியாகக் குறைத்து, முதல் நாள் வலது பக்கம் தள்ளுவதையும் இரண்டு முறை தட்டுவதையும் மட்டும் பழகினோம். இரண்டாம் வாரம் அழைப்பு எடுப்பது. மூன்றாம் வாரம் வாட்ஸ்அப்பில் குரல் செய்தி அனுப்புவது. இப்போது ஓடிபி பாடத்தில் இருக்கிறோம். இலக்கங்களை ஒவ்வொன்றாகக் கேட்டு வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே தட்டுகிறார். இரண்டு முறை நேரம் தாண்டிவிட்டது. மூன்றாவது முறை மனைவி உதவ எழுந்தபோது, "இரும்மா" என்று கையைக் காட்டினார்.