குலைநோய் மருந்து காயலுக்குப் போகிற வழி

டெல்டாவில் பயிர் பாதுகாப்பு ஆலோசனை சொல்வது என் வேலை. பூச்சிமருந்து என்றால் விவசாயிகளுக்குக் கொஞ்சமாவது பயம் இருக்கிறது. பூஞ்சாணக்கொல்லி என்றால் அது இல்லை. "நோய்க்குத்தானே சார் அடிக்கிறோம்" என்பார்கள். வாய்க்காலில் மீன் செத்து மிதப்பதில்லை, அதனால் யார் கண்ணிலும் படுவதில்லை.

சம்பா நெல்லில் குலைநோய் என்கிற பூஞ்சாண நோய் வருவது தூறலும் பனியும் சேர்ந்த நாட்களில். நட்டது இந்த நோய்க்கு எளிதில் ஆளாகும் பி.பி.டி. 5204 நெல் ரகம், யூரியாவும் கூடுதலாக விழுந்திருக்கிறது என்றால் கேட்கவே வேண்டாம். ட்ரைசைக்ளசோல், அசாக்ஸிஸ்ட்ரோபின், டெபுகோனசோல் என்று பூஞ்சாணக்கொல்லிகளை மாற்றி மாற்றி அடிப்பார்கள். வடகிழக்குப் பருவமழை கொட்டுவதும் அதே பருவத்தில்தான். பயிர் மூழ்காமலிருக்க வரப்பை வெட்டித் தண்ணீரை வடித்தாக வேண்டும். பாமணியாறு, கோரையாறு வழியாக அது முத்துப்பேட்டைக் காயலில் போய் இறங்குகிறது.

அங்கே அலையாத்தி இலை சேற்றில் விழுந்தால் அதை மட்க வைப்பதில் பூஞ்சாணத்துக்குப் பெரிய பங்கு உண்டு. மட்கியதைத் தின்றுதான் நண்டும் இறாலும் வளர்கின்றன, அவற்றை நம்பி மீன். நன்னீர் ஓடைகளில் நடந்த ஆய்வுகளில், இந்த வகை மருந்துகள் இலை மட்கும் வேகத்தைக் குறைப்பது தெரிந்திருக்கிறது. அசாக்ஸிஸ்ட்ரோபின் செல்லுக்குள் நடக்கும் சுவாசத்தைத் தடுத்துத்தான் பூஞ்சாணத்தைக் கொல்கிறது. அதே சுவாச அமைப்பு இறால் குஞ்சுக்கும் இருக்கிறது.

சரி, தண்ணீரைச் சோதிக்கிறார்களே என்று கேட்கலாம். குடிநீருக்கான இந்தியத் தர நிர்ணயம் ஐ.எஸ். 10500, 2012 பதிப்பை எடுத்துப் பாருங்கள். அதிலுள்ள மருந்துப் பட்டியலில் எண்டோசல்பான், மோனோகுரோட்டோபாஸ், அட்ரசின் எல்லாம் உண்டு. பூஞ்சாணக்கொல்லி ஒன்றுகூட இல்லை. குடிநீருக்கே இந்த நிலை என்றால் முகத்துவாரத் தண்ணீரைப் பற்றி என்ன சொல்ல? எனக்கு இது பெரிய கவலை.

வயலில் நான் அடிக்கடி பார்ப்பது இது: தெளித்து முடித்ததும் டேங்கை வடிகாலிலேயே முக்கி அலசுவார்கள், வெள்ளையாக ஒரு கலங்கல் ஓடும். கிழித்த பாக்கெட்டும் அங்கேயே கிடக்கும். இதை இன்றைக்கே நிறுத்தலாம். அலசிய தண்ணீரை அதே வயலில் தெளித்துவிடுங்கள், காலி பாக்கெட்டைக் கரையில் போடாதீர்கள். மழை அறிவிப்பு இருந்தால் தெளிப்பைத் தள்ளிப்போடுங்கள். தெளித்த பிறகு முடிந்தவரை வடிமடையைத் திறக்காதீர்கள். பழுப்புப் புள்ளி என்கிற வேறொரு இலை நோயைக் குலைநோய் என்று நினைத்து மருந்து வாங்குகிறவர்கள் நிறைய. இலையைப் பிடுங்கிக்கொண்டு போய் வேளாண் அலுவலரிடம் காட்டுங்கள். அப்புறம், அடுத்த பட்டத்துக்கு விதைக்கும்போதே கிலோ விதைக்கு 10 கிராம் சூடோமோனாஸ் என்கிற நன்மை செய்யும் பாக்டீரியாவைக் கலந்து நேர்த்தி செய்யுங்கள், யூரியாவை இலையின் பச்சை நிறத்தை ஒப்பிட்டுப் பார்க்கும் இலை வண்ண அட்டை பார்த்துப் போடுங்கள்.