ஸ்டெம்: தொகைத்தடமும் தனித்தடமும்

ஸ்டெம், பெயர்ச்சொல். ஒலிப்பதிவில், ஓரினத்தைச் சேர்ந்த பல ஒலித்தடங்களைச் சமன்செய்து கலந்து ஒன்றாக்கிய ஒலிக்கோப்பு. மிருதங்கத்தின் இரு முகங்களுக்கும் இரண்டு மைக், கஞ்சிராவுக்கு ஒன்று, கடத்துக்கு ஒன்று என நான்கு தடங்களில் பதிந்ததைக் கலந்து, எதிரொலி முதலிய மெருகுகளையும் ஏற்றி, ஒரே ஸ்டீரியோ கோப்பாக எடுத்தால் அது தாளவாத்திய ஸ்டெம். குரல்களுக்கு ஒன்று, தந்தி வாத்தியங்களுக்கு ஒன்று என்று ஒரு பாடலுக்கு நாலைந்து கோப்புகள் இப்படி அமையும். அனைத்தையும் சேர்த்து ஓடவிட்டால் முழுப்பாடலும் ஒலிக்க வேண்டும்.

அகராதிப் பொருள் இவ்வளவுதான். சிங்கப்பூரில் தமிழ்ப் பாடல் பதிவு செய்வோர் நடுவிலோ இச்சொல்லுக்கு இன்னொரு பொருளும் புழங்குகிறது. “ஸ்டெம் அனுப்பிவிடுங்கள்” என்று ஒலிக்கலவை செய்பவர் கேட்கிறார். அவருக்கு வேண்டியவை பதிந்தது பதிந்தபடி, கலக்காமல் இருக்கும் நாற்பது தடங்கள். கேட்கப்பட்டவர் அகராதிப் பொருளில் எடுத்துக்கொண்டு நான்கு கோப்புகளை அனுப்பிவைக்கிறார். அந்த நான்கில் மிருதங்கத்தின் தொப்பியை, அதாவது இடப்பக்க முகத்தை, மட்டும் குறைக்க வழியில்லை. குரலில் ஏற்றிய எதிரொலியைக் கழற்றவும் வழியில்லை. இருவரும் ஒரே சொல்லைத்தான் சொன்னார்கள். தமிழில் இந்த இரண்டுக்கும் இரண்டு சொற்கள் வேண்டும் என்று நான் வற்புறுத்துவதற்குக் காரணம் இதுவே.

இவ்வளவு கோப்புப் பரிமாற்றம் எதற்கு என்று இசைத்தொழில் அறியாதவர் கேட்கலாம். செங்காங் அடுக்குமாடி வீட்டில் ஒருவர் ஏபிள்டன் லைவில் மெட்டமைக்கிறார். குரல் இன்னொருவரிடம் கியூபேஸில் பதிவாகிறது. வயலின் சென்னையிலிருந்து வருகிறது. இறுதிக் கலவை புரோ டூல்ஸில் நடக்கிறது. ஏப்ரல் மாதத் தமிழ்மொழி விழாவுக்கு ஒரு பாடல் என்றால்கூட இப்படி மூன்று நான்கு ஒலிப்பணியகங்களைத் தொட்டுத்தான் வெளிவருகிறது. ஒலிப்பணியகம் என்று நான் எழுதுவது ஒலியைப் பதியவும் வெட்டவும் ஒட்டவும் கலக்கவும் உதவும் மென்பொருளை. சிங்கப்பூர்த் தமிழில் டிஜிட்டலுக்கு ‘மின்னிலக்கம்’ என்ற சொல் நிலைபெற்றுவிட்டதால், முழுப்பெயர் வேண்டுவோர் மின்னிலக்க ஒலிப்பணியகம் எனலாம். ஒன்றின் வேலைக்கோப்பை மற்றொன்று பொதுவாகத் திறக்காது.

அதற்கும் காரணம் உண்டு. வேலைக்கோப்புக்குள் பெரும்பாலும் ஒலியே இருப்பதில்லை. எந்த ஒலிக்கோப்பு எந்த நொடியில் தொடங்குகிறது, எங்கே வெட்டுப்பட்டிருக்கிறது, எத்தனை டெசிபல் இறங்கியிருக்கிறது, எந்தச் செருகுநிரல் எந்த அமைப்பில் நிற்கிறது என்ற குறிப்புகள்தாம் அதில் இருக்கும். அந்தக் குறிப்புகளை ஒவ்வொரு நிறுவனமும் தன் போக்கில் எழுதுகிறது. செருகுநிரல்களிலும், அதாவது ஒலிப்பணியகத்தோடு இணைக்கும் துணை மென்பொருள்களிலும், பிரிவினை உண்டு. ஸ்டெயின்பெர்க் நிறுவனம் 1996இல் கொண்டுவந்த விஎஸ்டி வகையைப் பல மென்பொருள்கள் ஏற்கின்றன. ஆப்பிளின் லாஜிக், ஆடியோ யூனிட் வகையை மட்டும் ஏற்கும். புரோ டூல்ஸ் ஏஏஎக்ஸ் வகையை மட்டும் ஏற்கும். குறிப்புகளைப் பெயர்க்க முடியாதபோது ஒலியையே கோப்பாக எடுத்துக் கொடுப்பதுதான் எல்லாருக்கும் பொதுவான வழி. ஸ்டெம் என்ற சொல் நம் வாயில் அடிக்கடி வருவது அதனால்தான்.

சொல்லின் பிறப்புக்கு வருவோம். ஆங்கிலத்தில் ஸ்டெம் என்பது செடியின் தண்டையும் மரத்தின் அடியையும் குறிக்கும் பழைய சொல். ஒலித்துறையில் அது திரைப்பட வேலையில் வேரூன்றியது. படத்தின் ஒலியை வசனம், இசை, ஒலிவிளைவுகள் என்று மூன்று கூறுகளாகத் தனித்தனியே கலந்து வைப்பார்கள். வேறு மொழிக்கு மாற்றும்போது வசனக் கூற்றை எடுத்துவிட்டு, இசையையும் ஒலிவிளைவுகளையும் அப்படியே வைத்துக்கொண்டு, புதிய குரல்களைச் சேர்க்கலாம். ஸ்டீரியோ மாஸ்டர்ஸ் என்பதன் சுருக்கமே ஸ்டெம்ஸ் என்று ஒரு விளக்கம் உலவுகிறது. அதை ஏற்பது கடினம். திரைப்பட ஸ்டெம்கள் ஆறு அலைவரிசைகளிலும் உண்டு, ஒற்றை அலைவரிசையிலும் (மோனோ) உண்டு. ஸ்டீரியோ என்பது அதன் இலக்கணத்திலேயே இல்லை.

பின்னர் சொல்லின் எல்லை விரிந்தது. 2015இல் நேட்டிவ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் நிறுவனம், டிஜேக்களுக்காக ஒரு பாட்டின் நான்கு கூறுகளை ஒரே கோப்பில் அடக்கும் வடிவத்துக்கு ஸ்டெம்ஸ் என்று பெயர் வைத்தது. 2019இல் இணையவழி இசை வழங்கும் டீசர் நிறுவனம் ஸ்ப்ளீட்டர் என்ற திறமூல மென்பொருளை வெளியிட்டது. முடிந்துபோன பாடலைக் கொடுத்தால் குரல், டிரம்ஸ், பேஸ், மற்றவை என்று அது பிரித்துத் தரும். அப்படிப் பிரித்தெடுத்ததையும் இன்று ஸ்டெம் என்றே அழைக்கிறார்கள். ஆக, கலந்தது, கலக்காதது, கலந்த பின் பிரித்தது என மூன்றுக்கும் ஆங்கிலத்தில் ஒரே சொல்.

தமிழில் என்ன சொல்வது? நேர்பெயர்ப்பு இங்கே உதவாது. தண்டு என்ற கருத்துக்குத் தமிழில் சொல் பஞ்சமில்லை, பஞ்சமில்லாததே சிக்கல். தேவநேயப் பாவாணர் வகுத்துக் காட்டிய பட்டியலைப் பாருங்கள்: நெல்லின் அடி தாள், கீரையின் அடி தண்டு, கம்பு சோளத்தின் அடி தட்டு அல்லது தட்டை, கரும்பின் அடி கழி, மூங்கிலின் அடி கழை, புளி வேம்பின் அடி அடியே. எந்தச் செடி என்று கேட்டுவிட்டுத்தான் தமிழ் பெயர் சொல்கிறது. ‘தண்டுத்தடம்’ என்று எழுதினால் ஒலிப்பதிவுக் கூடத்தில் ஒருவருக்கும் ஒன்றும் விளங்காது. மூலச்சொல்லின் உருவத்தை விட்டுவிட்டு, அந்தப் பொருள் செய்கிற வேலையிலிருந்து பெயர் எடுக்க வேண்டும்.

தடம் என்ற பகுதியில் தடையேதும் இல்லை. ட்ராக் என்பதற்கு ஒலித்தடம் ஏற்கெனவே புழக்கத்தில் இருக்கிறது. காலடிச் சுவடு, வழி என்ற பொருள்கள் அதற்கு இயல்பாகவே பொருந்துகின்றன. திரையிசையில் மட்டும் ஓர் எச்சரிக்கை தேவை: அங்கே ‘ட்ராக் பாடுவது’ என்றால், முதன்மைப் பாடகர் வருவதற்கு முன் வழிகாட்டியாக ஒருவர் பாடி வைப்பது. தடம் என்று தமிழில் எழுதிவிட்டால் அந்தக் குழப்பமும் நீங்குகிறது.

கலந்த கோப்புக்கு நான் முன்வைக்கும் சொல் தொகைத்தடம். தொகு என்ற வேரிலிருந்து வரும் தொகைக்கு, நம் இலக்கணத்தில் துல்லியமான ஒரு பொருள் உண்டு. பல சொற்கள் ஒன்றாக நெருங்கி நிற்கும்போது நடுவிலுள்ள உருபு மறைந்துவிடுகிறது. அது தொக்கு நிற்கிறது என்போம். இரவுபகல் என்ற உம்மைத்தொகையில் ‘உம்’ கண்ணுக்குத் தெரிவதில்லை, ஆனாலும் பொருளில் இருக்கிறது. தாளவாத்தியத் தொகைத்தடத்திலும் மிருதங்கமும் கஞ்சிராவும் கடமும் அப்படித்தான் தொக்கு நிற்கின்றன. தொகை என்றதும் பணம் நினைவுக்கு வருமே என்று கேட்பவர்கள் உண்டு. தடத்தோடு சேர்ந்து வரும்போது அந்தப் பொருளுக்கு இடமே இல்லை.

கலக்காத கோப்புக்குத் தனித்தடம். பிரித்தெடுத்ததற்குப் பிரிதடம். ஊறுகாய் போல வினைத்தொகை அது. பிரித்த, பிரிக்கிற, பிரிக்கும் தடம் என மூன்று காலத்துக்கும் நிற்கும். பிரிதடத்தைத் தொகைத்தடத்தோடு ஒன்றாக வைத்து எண்ணக் கூடாது என்பதில் எனக்கு உறுதி உண்டு. ஸ்ப்ளீட்டரின் பகுப்பில் வயலினுக்கும் தம்பூராவுக்கும் தனியிடம் இல்லை; பொருந்தாதவை எல்லாம் ‘மற்றவை’க்குள் போகின்றன. நம் கச்சேரியின் பாதி அங்கே அடங்கிவிடும். ஒலிவாங்கிமுன் பதிந்ததும், கணினி ஊகித்துப் பிரித்ததும் தரத்தில் ஒன்றாகா.

புதுச்சொல்லைக் கண்டு இந்த ஊரில் தயங்கத் தேவையில்லை. இன்று உலகத் தமிழர் அனைவரும் எழுதும் ‘இணையம்’ என்ற சொல்லைத் தந்தவராக நன்றியோடு நினைக்கப்படுபவர் சிங்கப்பூர் எழுத்தாளர் நா. கோவிந்தசாமி. தேவை எழுந்த இடத்திலேயே சொல்லும் எழுந்தது.

சொல்லைப் பிரித்துவிட்டால், எதை எப்போது கேட்பது என்பதும் தெளிவாகிறது. கலவைக்குத் தனித்தடம். மேடைக்குத் தொகைத்தடம். பதிவுசெய்த இசைக்கு நடக்கும் பரதநாட்டிய நிகழ்ச்சி ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். பாட்டும் வயலினும், மிருதங்கம், நட்டுவாங்கம், சுருதி என்று நான்கு தொகைத்தடங்களை அரங்கின் ஒலிப்பொறியாளரிடம் கொடுத்தால், ஜதி சரியாகக் கேட்காத அரங்கில் நட்டுவாங்கத்தை மட்டும் உயர்த்தலாம். அதே அரங்கில் நாற்பது தனித்தடங்களைக் கொடுத்தால், ஒத்திகைக்குள் அவரால் எதையும் செய்ய இயலாது.

தொகைத்தடம் எடுக்கும்போது ஒரு நுட்பத்தைக் கவனிக்க வேண்டும். எல்லாத் தடங்களும் சேர்ந்து வெளியேறும் இறுதி வெளிவாயிலில், உரத்த ஒலியை அழுத்திக் குறைக்கும் கம்ப்ரஸர் இருந்தால், அது முழுப்பாடலின் கூட்டு ஒலியைக் கேட்டு அழுத்துகிறது. குரலை மட்டும் தனியே எடுக்கும்போது குரலை மட்டுமே கேட்டு அழுத்தும். அதனால் நான்கு தொகைத்தடங்களையும் கூட்டினாலும் மூலக்கலவை திரும்பக் கிடைக்காது. எடுக்கும் முன் அதை அணைத்துவிடுவது நல்லது.

தனித்தடத்தில் முதல் விதி, எல்லாக் கோப்பும் பாடலின் ஒரே தொடக்கப் புள்ளியிலிருந்து தொடங்க வேண்டும் என்பது. மூன்றாம் நிமிடத்தில் மட்டும் வரும் புல்லாங்குழலுக்கும் முன்னால் மூன்று நிமிட மௌனம் இருக்கட்டும். தாளக்கட்டு உள்ள பாட்டில் இடம் தவறினால்கூடக் கண்டுபிடித்துப் பொருத்திவிடலாம். தாளமற்ற விருத்தத்தில் ஒரு குரல் எங்கே நுழைந்தது என்பதைக் காட்ட வேறு அடையாளமே கிடையாது. 1997இல் ஐரோப்பிய ஒலிபரப்பு ஒன்றியம் வகுத்த பிராட்காஸ்ட் வேவ் வடிவம் நேரமுத்திரையைக் கோப்புக்குள்ளேயே பதிந்துவைக்கும். அது உதவும்தான், ஆனாலும் மௌனத்தோடு கூடிய கோப்பையே நான் நம்புவேன்.

அடுத்தது மாதிரி வீதம், அதாவது நொடிக்கு எத்தனை முறை ஒலி அளக்கப்படுகிறது என்ற எண். 48 கிலோஹெர்ட்ஸில் பதிந்த குரலை 44.1 கிலோஹெர்ட்ஸ் வேலைக்குள் மாற்றாமல் ஓடவிட்டால் அது மெதுவாகும். சுருதியும் ஏறத்தாழ ஒன்றரை அரைச்சுரம் இறங்கும். ஐந்து கட்டையில் பாடியவர் நான்குக்கும் நான்கரைக்கும் நடுவே, எந்த ஆர்மோனியக் கட்டையிலும் சேராத இடத்தில் நிற்பார். நான்கு நிமிடப் பாட்டு 4 நிமிடம் 21 நொடியாக நீளும். இன்றைய மென்பொருள்கள் பெரும்பாலும் எச்சரித்துத் தாமே மாற்றிக்கொள்கின்றன. இருந்தாலும் வீதத்தைக் கோப்புறையின் பெயரிலேயே எழுதிவைப்பது நல்ல வழக்கம். அளவும் தெரிந்திருக்கட்டும்: 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட்டில் ஒற்றை அலைவரிசைத் தடம் ஒன்று நிமிடத்துக்கு ஏறத்தாழ 8.6 மெகாபைட். நான்கு நிமிடப் பாட்டின் நாற்பது தடங்கள் 1.4 கிகாபைட்டை எட்டும். மின்னஞ்சல் இதைத் தாங்காது.

மிடி கோப்பை மட்டும் அனுப்பினால் போதாதா என்ற கேள்விக்குத் தமிழிசைக்காரர் கூடுதல் கவனத்தோடு பதில் சொல்ல வேண்டும். 1983இல் அறிமுகமான மிடி ஒலியைச் சுமப்பதில்லை. எந்தக் கட்டை எப்போது அழுத்தப்பட்டது என்ற செய்தியைத்தான் சுமக்கிறது. சுரத்தை அசைத்து வளைக்கும் கமகம் அதில் பிட்ச் பெண்ட் என்ற வளைவுச் செய்தியாகப் போகிறது. அந்த வளைவின் எல்லையை ஒலிக்கும் கருவிதான் முடிவு செய்கிறது. உங்கள் வீணைக் கருவியில் எல்லை பன்னிரண்டு அரைச்சுரமாகவும், பெறுபவரின் கருவியில் வழக்கமான இரண்டாகவும் இருந்தால், இரண்டு அரைச்சுரம் அசைய வேண்டிய, தோடி ராகத்தின் காந்தார சுரம் அரைச்சுரத்தில் மூன்றிலொரு பங்குகூடத் தாண்டாது. ராகம் அங்கேயே போய்விடும். மிடியை அனுப்புங்கள், கூடவே அதே பகுதியை ஒலியாக எடுத்த தனித்தடத்தையும் கட்டாயம் சேருங்கள்.

குறிப்புகளோடு சேர்த்துப் பெயர்க்கும் முயற்சிகளும் நடந்திருக்கின்றன. ஓஎம்எஃப் என்ற கோப்பு வடிவம் பழையது, 2 கிகாபைட்டுக்கு மேல் தாங்காது. அதன்பின் வந்த ஏஏஎஃப் துண்டுகளையும் அவற்றின் இடங்களையும் கொண்டுசெல்லும், செருகுநிரல்களை விட்டுவிடும். 2023இல் பிட்விக், ப்ரிசோனஸ் ஆகிய ஒலிப்பணியக நிறுவனங்கள் இணைந்து டாப்ராஜெக்ட் என்ற திறந்த வடிவத்தை வெளியிட்டன. ஒலிமட்டம், இடவலச் சமநிலை, செருகுநிரல் அமைப்பு எல்லாம் அதில் செல்லும். பிறகு கியூபேஸும் அதை ஏற்றது. எல்லா ஒலிப்பணியகங்களும் ஏற்கும் நாள் இன்னும் வரவில்லை. அதுவரை தனித்தடமே பொதுவழி.

பயன்பாடு: “அண்ணா, பாடலின் தனித்தடங்கள் 38ஐயும் அனுப்பியிருக்கிறேன். 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட். அனைத்தும் ஒரே புள்ளியில் தொடங்குகின்றன. குரலில் எதிரொலி ஏற்றவில்லை. நான் கலந்து பார்த்த தொகைத்தடங்கள் நான்கும் வேறொரு கோப்புறையில் இருக்கின்றன. அவை கேட்டுப் பார்ப்பதற்கு மட்டும்.”