கர்ப்பகால நீரிழிவா, பேறுகால நீரிழிவா?

ரத்தப் பரிசோதனைச் சீட்டில் ஜி.டி.எம். என்று இருக்கும். ஜெஸ்டேஷனல் டயாபடீஸ் மெல்லிடஸ் என்பதன் சுருக்கம் அது. தமிழில் இதை ஆளுக்கொரு விதமாக எழுதுகிறோம்: கர்ப்பகால நீரிழிவு, பேறுகால நீரிழிவு, கருத்தரிப்புகாலச் சர்க்கரை நோய். எது பொருந்தும் என்று தெரிய அந்த ஆங்கிலப் பெயரின் மூன்று சொற்களையும் பிரித்துத்தான் பார்க்க வேண்டும்.

டயாபடீஸ் கிரேக்கச் சொல், ஊடாகக் கடந்துபோவது என்று பொருள். குடித்த தண்ணீர் உடம்பில் தங்காமல் சிறுநீராகப் போய்க்கொண்டே இருப்பதைப் பார்த்து வைத்த பெயர். கப்படோசியாவை (இன்றைய துருக்கியில் உள்ள பகுதி) சேர்ந்த அரீட்டியஸ் என்ற பழங்கால மருத்துவர், சதையே கரைந்து சிறுநீராக ஓடுகிற நோய் என்று இதை விவரித்திருக்கிறார். மெல்லிடஸ் லத்தீன், தேன் கலந்தது என்று பொருள். வடமொழியின் மதுமேகமும் இதையேதான் சொல்கிறது. மது என்றால் தேன்; மேகம் இங்கே வானத்தில் இருப்பது இல்லை, சிறுநீர் கழிவதைக் குறிக்கும் சொல்.

நம் நீரிழிவு கிரேக்கச் சொல்லுக்கு மிகவும் பக்கத்தில் நிற்கிறது. இழிதல் என்றால் மேலிருந்து கீழே இறங்குதல், வடிதல். அருவி இழிகிறது என்று பழம்பாடல்களில் வரும். இன்றைக்கு இழிவு என்றதும் தாழ்வு என்ற பொருள்தான் காதில் விழுகிறது, ஆனால் இந்தச் சொல்லில் அவமானம் எதுவும் கிடையாது. எனக்கு உறுத்துவது சர்க்கரை நோய் என்ற பெயர். அதைக் கேட்டதுமே "இனிப்பை அதிகமாகச் சாப்பிட்டிருப்பாள்" என்று கர்ப்பிணியின் மேல் பழி போட வீட்டிலேயே ஆள் கிளம்பிவிடுகிறார்கள்.

உண்மையில் நடப்பது வேறு. ரத்தச் சர்க்கரையைக் குறைப்பது இன்சுலின்; நஞ்சுக்கொடி சுரக்கும் ஹார்மோன்கள் அதன் வேலையை மட்டுப்படுத்துகின்றன. இது எல்லாக் கர்ப்பிணிகளுக்கும் நடப்பது, பிள்ளைக்குச் சத்து போய்ச்சேர உடம்பு செய்துகொள்ளும் ஏற்பாடு. பெரும்பாலானவர்களுக்குக் கணையம் கூடுதலாக இன்சுலின் சுரந்து சமாளித்துவிடும், சிலருக்கு அது போதாமல் போகும், அப்போதுதான் ரத்தத்தில் சர்க்கரை ஏறுகிறது. உடல் எடை, வயது, குடும்பத்தில் யாருக்காவது நீரிழிவு இருப்பது எல்லாம் இதில் சேரும். பெரும்பாலும் அறிகுறியே இருக்காது. அதனால்தான் 24 முதல் 28 வாரத்துக்குள் 75 கிராம் குளுக்கோஸ் குடிக்கவைத்துப் பார்க்கிறார்கள், ஆபத்து அதிகம் உள்ளவர்களுக்கு இன்னும் முன்னதாகவே.

தாயின் சர்க்கரை நஞ்சுக்கொடியைத் தாண்டிப் பிள்ளைக்குப் போகும், தாயின் இன்சுலின் போகாது. அதனால் பிள்ளையின் கணையமே அதிகமாக இன்சுலின் சுரக்க ஆரம்பிக்கிறது. பிள்ளை கொழுப்பு சேர்த்துப் பெருக்கிறது, பிரசவத்தில் தோள் சிக்கிக்கொள்ளலாம், அறுவைச் சிகிச்சை தேவைப்படலாம். தொப்புள்கொடியை வெட்டியதும் சர்க்கரை வரத்து நின்றுவிடும், ஆனால் இன்சுலின் அதே வேகத்தில் சுரந்துகொண்டிருக்கும், எனவே பிறந்த சில மணி நேரத்திலேயே பிள்ளைக்குத் தாழ்சர்க்கரை வரலாம். பிள்ளை நீரிழிவோடு பிறக்கிறது என்று நினைக்க வேண்டாம், அப்படி இல்லை. தாய்க்கு ரத்த அழுத்தம் கூடும் ஆபத்தும் உண்டு. சரியான உணவு, நடை, தேவைப்பட்டால் மருந்து என்று சர்க்கரையைக் கட்டுக்குள் வைத்தால் இவற்றில் பெரும்பகுதியைத் தவிர்த்துவிடலாம்.

சரி, ஜெஸ்டேஷனல். சுமத்தல் என்று பொருள்படும் லத்தீன் வினையிலிருந்து வந்தது. கருத்தரிப்பு என்பது கரு உண்டாகும் நிகழ்வு, பேறுகாலம் என்றால் பிள்ளை பெறும் நேரம். இந்த நோய் இரண்டுக்கும் இடைப்பட்ட சுமக்கும் மாதங்களுக்கு உரியது. ஆகவே கர்ப்பகால நீரிழிவு என்பதே பொருந்தும். தனித்தமிழ் வேண்டுவோர் சூல்கால நீரிழிவு எனலாம். சூல் அழகான பழஞ்சொல், எனக்குப் பிடித்தது அதுதான், ஆனால் மருந்துச் சீட்டோடு நிற்கும் ஒரு பெண்ணுக்குச் சட்டென்று புரியவேண்டும் என்றால் கர்ப்பகாலம் என்றே சொல்வேன்.

பெயர் புதியது, நோய் பழையது. 1824இல் பெர்லினில் பென்னெவிட்ஸ் என்பவர், கர்ப்பத்தில் கடும் தாகத்தோடு வந்த ஒரு பெண்ணைப் பற்றி எழுதினார். பிரசவத்துக்குப் பின் அவளுக்கு அந்த நோய் விலகியது, பெரிய உடலோடு பிறந்த பிள்ளை பிழைக்கவில்லை. 1964இல் அமெரிக்க ஆய்வாளர்கள் ஓ'சல்லிவனும் மாஹனும் குளுக்கோஸ் பரிசோதனைக்கு அளவுகோல் வகுத்தார்கள். அவர்கள் தேடியது, எந்தப் பெண்ணுக்குப் பிற்காலத்தில் நீரிழிவு வரும் என்பதைத்தான்.

அந்தக் கேள்வியைத்தான் "கால" என்ற ஒட்டு நம்மை மறக்கவைக்கிறது. காலம் முடிந்தது, நோயும் முடிந்தது என்று தோன்றிவிடும். பிரசவத்துக்குப் பின் சர்க்கரை பெரும்பாலும் இயல்புக்குத் திரும்பும், ஆனால் இப்பெண்களுக்குப் பின்னாளில் இரண்டாம் வகை நீரிழிவு வரும் வாய்ப்பு மற்றவர்களைவிடப் பல மடங்கு அதிகம். பிரசவமாகி 4 முதல் 12 வாரத்துக்குள் மறுபடி அதே குளுக்கோஸ் பரிசோதனை செய்ய வேண்டும், அது சரியாக இருந்தாலும் அப்புறம் ஒன்று முதல் மூன்று ஆண்டுக்கு ஒருமுறை பார்த்துக்கொள்ள வேண்டும். பிள்ளையின் தடுப்பூசிக்கு யாரும் நாள் தவறுவதில்லை. அம்மாவின் இந்தப் பரிசோதனைத் தேதியையும் அதே அட்டையில் எழுதிவையுங்கள்.