கஃபீல்: பிணை நிற்பவரா, பிணைத்து வைப்பவரா?

வெள்ளிக்கிழமை மாலை ரியாத்தின் பத்தா பகுதியில் நின்றால் நம் ஊர் முகங்களுக்குக் குறைவே இருக்காது. வாரம் முழுக்க ஊருக்கு வெளியே கேம்ப்பில் இருப்பவர்கள் பணம் அனுப்பவும், வாய்க்கு ருசியாக நாலு இட்லி சாப்பிடவும், ஊர்க்காரர் யாரையாவது பார்க்கவும் அன்றைக்குத்தான் வருவார்கள். புதிதாக வந்தவரிடம் கேட்கும் கேள்விகளுக்கு ஒரு வரிசை உண்டு. எந்த ஊர்? என்ன வேலை? மூன்றாவது கேள்வி, "கஃபீல் எப்படி?" சம்பளம் எவ்வளவு என்பதே அதற்கு அப்புறம்தான். "தங்கமான ஆளு" என்று பதில் வந்தால் கேட்டவர் முகமும் தெளியும். பதில் வராமல் தலை குனிந்தால், யாரும் மேற்கொண்டு கேட்க மாட்டார்கள். டீ வாங்கிக் கொடுப்பார்கள்.

சவுதிக்குப் போன ஒவ்வொருவரும் முதல் வாரத்திலேயே கற்றுக்கொள்கிற அரபுச் சொல் கஃபீல்: யார் பெயரில் நம் விசா இருக்கிறதோ அவர். 2022 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி அந்த நாட்டில் இருக்கும் 3 கோடியே 22 லட்சம் பேரில் சுமார் 1 கோடியே 34 லட்சம் பேர் வெளிநாட்டவர். அவர்களில் தனியார் வேலைக்காக வந்தவர்களுக்கெல்லாம் இந்தச் சொல்லோடு ஏதோ ஒரு கணக்கு உண்டு. ஆனாலும் அதற்கு நேரான தமிழ் என்ன என்று கேட்டால் ஒருவர் 'முதலாளி' என்பார், இன்னொருவர் 'ஸ்பான்சர்' என்பார், செய்தித்தாளில் 'புரவலர்' என்று இருக்கும். மூன்றுமே சரியில்லை என்பது என் எண்ணம். ஏன் என்று பார்க்க, சொல்லின் வேருக்குப் போக வேண்டும்.

அரபுச் சொற்களில் பெரும்பாலானவை மூன்று மெய்யெழுத்துகளின் மேல் எழுந்து நிற்பவை. கஃபீலுக்கு வேர் க்-ஃப்-ல். 'கஃபல' என்றால் பொறுப்பேற்றான், ஆதரித்து வளர்த்தான், பிணை நின்றான். அந்த வேரிலிருந்து, செயலைத் தன் இயல்பாகக் கொண்டவரைக் குறிக்கும் அச்சில் வார்த்தது கஃபீல். நமக்கு நன்றாகத் தெரிந்த வக்கீலும் இதே அச்சில் வார்த்த சொல்தான்: வ-க்-ல் என்ற வேரிலிருந்து 'வகீல்', ஒருவர் சார்பில் காரியம் பார்ப்பவர். இன்னொரு கிளைச்சொல்லையும் இங்கே சொல்ல வேண்டும். ஒட்டகத்தின் திமிலைச் சுற்றிக் கட்டி அதன் மேல் ஏறி உட்காரும் துணிக்கு 'கிஃப்ல்' என்று பழைய அரபு அகராதிகள் பெயர் சொல்கின்றன. ஏறி அமர்ந்தவரைச் சரிந்து விழாமல் பிடித்துக்கொள்ளும் துணி. பாலைவனத்துச் சொல்லுக்கு இதைவிடப் பொருத்தமான உறவு கிடைக்காது.

குர்ஆனில் இந்த வேர் வருகிற சில இடங்கள் மிகவும் கனிவானவை. தாயார் நேர்ந்துவிட்ட குழந்தை மர்யமை வளர்க்கும் பொறுப்பு ஸகரிய்யாவிடம் வருவதைச் சொல்லும் இடத்தில் (3:37) இதே வேர்ச்சொல்தான். செய்த உடன்படிக்கைக்கு இறைவனையே 'கஃபீல்' ஆக்கிவிட்ட பிறகு அதை முறிக்காதீர்கள் என்று இன்னோரிடத்தில் (16:91) வருகிறது. நானும் அநாதையைப் பொறுப்பேற்றவரும் சொர்க்கத்தில் இப்படி இருப்போம் என்று நபிகள் சுட்டுவிரலையும் நடுவிரலையும் சேர்த்துக் காட்டிய ஹதீஸ் எல்லா முஸ்லிம் வீடுகளிலும் தெரிந்தது. அதில் அநாதையைப் பொறுப்பேற்றவருக்கு உள்ள பெயர் 'காஃபிலுல் யத்தீம்'. இன்றைக்கும் சவுதியில் ஓர் அநாதைக் குழந்தையின் செலவை மாதாமாதம் ஏற்றுக்கொள்வதற்கு 'கஃபாலத்துல் யத்தீம்' என்றுதான் பெயர். ஆக, ஒரு சவுதிக்காரரின் காதில் கஃபாலா (பொறுப்பேற்றல்) என்ற சொல் முதலில் தருவது அன்பின் வாசனை. அதே சொல் நம் ஆளின் காதில் விழும்போது வயிற்றைப் பிசைகிறது. ஒரே ஊரில், ஒரே நாளில், ஒரே சொல்.

இஸ்லாமியச் சட்டநூல்களில் கஃபாலா ஓர் ஒப்பந்த வகை. கடனுக்குப் பொறுப்பேற்பது ஒன்று; ஓர் ஆளை, வேண்டிய நாளில் வேண்டிய இடத்தில் கொண்டுவந்து நிறுத்துவேன் என்று பொறுப்பேற்பது மற்றொன்று. நம் சொல்லில் பொருட்பிணை, ஆட்பிணை. பொறுப்பேற்பவர் கஃபீல், யாருக்காகப் பொறுப்பேற்கிறாரோ அவர் 'மக்ஃபூல்'. இதில் கவனிக்க வேண்டிய விதி ஒன்று உண்டு. பிணை நிற்பது நன்மை செய்யும் காரியம், அதற்குக் கூலி வாங்கக் கூடாது என்பது பெரும்பான்மைச் சட்ட அறிஞர்களின் முடிவு. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் வேண்டியிருக்கும்.

ஆட்பிணை என்ற இந்தப் பழைய ஏற்பாட்டை நவீன அரசுகள் எடுத்துக் குடியேற்றச் சட்டத்தில் வைத்தன. வளைகுடாவின் முத்துக்குளிப்புக் காலத்திலேயே, கொண்டுவந்த ஆட்களுக்குக் கப்பல் தலைவரான நகுதாதான் பொறுப்பு என்ற வழக்கம் இருந்தது. சவுதி அரேபியாவில் 1952-ஆம் ஆண்டின் குடியிருப்புச் சட்டம் வெளிநாட்டவர் தங்குவதற்கு ஒழுங்கு வகுத்தது. 1973-க்குப் பிறகு எண்ணெய் விலை ஏறி லட்சக்கணக்கில் ஆட்கள் தேவைப்பட்டபோது, முன்பின் தெரியாத இத்தனை பேருக்கும் யார் பொறுப்பு என்ற கேள்விக்குக் கையில் இருந்த விடை கஃபீல். அந்நியன் ஒருவனுக்காக உள்ளூர்க்காரர் அரசிடம் பிணை நிற்கிறார். அவர் பெயரில்தான் விசா, அவர் பெயரில்தான் இகாமா என்னும் குடியிருப்பு அட்டை.

இங்கேதான் சொல் திரும்பிக்கொண்டது. பொறுப்பேற்றவரிடமே அதிகாரமும் போய்ச் சேர்ந்தது. இகாமாவைப் புதுப்பிக்க அவர் வேண்டும். 2021 வரை, ஊருக்கு லீவில் போய்வர அவர் ஒப்புதல் வேண்டியிருந்தது. வேறு வேலைக்கு மாற அவர் விட்டுக்கொடுக்க வேண்டியிருந்தது. அந்த விட்டுக்கொடுத்தலுக்கு 'தனாசுல்' என்று பெயர், நம் ஆட்கள் 'ரிலீஸ்' என்பார்கள். வேலையை விட்டு ஓடிவிட்டான் என்று அவர் பதிந்தால் அது 'ஹுரூப்'. அதற்கு அப்புறம் அந்தத் தொழிலாளி சட்டப்படி அங்கே இருக்க முடியாத நிலைதான் இருந்தது. பாஸ்போர்ட்டை வேலை கொடுப்பவர் பிடித்து வைக்கக் கூடாது என்பது சவுதிச் சட்டமே சொல்வது. ஆனாலும் எத்தனையோ பேருடைய பாஸ்போர்ட் அவர்கள் கண்ணில் படாமலே அலமாரியில் கிடந்திருக்கிறது.

எல்லாக் கஃபீல்களையும் ஒரே தட்டில் வைக்கக் கூடாது. நான் அறிந்த ஒரு முதியவர், தன் பண்ணையில் வேலை செய்த நான்கு பேரோடு நோன்பு முழுக்கத் தரையில் அமர்ந்து ஒரே தாம்பாளத்தில் சாப்பிடுவார். அவர்களில் ஒருவருக்கு நெஞ்சுவலி வந்தபோது ஆஸ்பத்திரி வாசலில் விடிய விடிய உட்கார்ந்திருந்தார். அகராதியில் இருக்கும் கஃபீல் அவர்தான்.

இன்னொன்றையும் பார்த்திருக்கிறேன். கடலூர்ப் பக்கத்துத் தச்சர் ஒருவர் 'ஃப்ரீ விசா'வில் வந்திருந்தார். பெயரில்தான் ஃப்ரீ, லட்சக்கணக்கில் பணம் கொடுத்து வாங்கியது. கஃபீல் இருப்பது வேறு ஊரில், நேரில் பார்த்தது ஒரே ஒரு முறை. இவர் எங்கே கிடைக்கிறதோ அங்கே வேலை செய்துகொள்ள வேண்டும், மாதம் 300 ரியால் அவருக்குப் போய்விட வேண்டும். ஒரு நாள் அவரிடமிருந்து வாட்சப்பில் குரல் செய்தி வந்தது. தச்சருக்கு அவ்வளவு அரபு தெரியாது. போனைக் காதில் வைத்து மூன்று முறை கேட்டார், பிறகு கடைக்காரரிடம் கொடுத்தார், அவர் என்னிடம் கொடுத்தார். திரையில் பெயர் இல்லை, 'கஃபீல்' என்று மட்டும் சேமித்திருந்தார். இகாமா முடியப் போகிறது, இரண்டு மாதப் பணம் பாக்கி, கட்டினால்தான் புதுப்பிப்பேன் என்பது செய்தி. தச்சரின் நகத்தில் மரத்தூள் ஒட்டியிருந்தது. செய்தியை நான் தமிழில் சொல்லச் சொல்ல, அந்த மரத்தூளை நோண்டிக்கொண்டே இருந்தார்.

பிணைக்குக் கூலி வாங்கக் கூடாது என்ற விதியை இந்த இடத்தில் வைத்துப் பாருங்கள். விதி அதோடு நிற்கவில்லை. 2005-இல் வந்த சவுதித் தொழிலாளர் சட்டத்தின் 39-ஆம் பிரிவு, முறையான வழியில்லாமல் தன் தொழிலாளியை வேறொருவரிடம் வேலை செய்ய விடுவதைத் தடுக்கிறது. 40-ஆம் பிரிவு, ஆளை வரவழைக்கும் செலவு, இகாமாக் கட்டணம், அதைப் புதுப்பிக்கும் கட்டணம், தாமதமானால் அபராதம், வேலை முடிந்து ஊர் திரும்ப டிக்கெட் எல்லாம் வேலை கொடுப்பவர் தலையில்தான் என்கிறது. தொழிலாளி இறந்தால் உடலை ஊருக்கு அனுப்புவதும் அப்படியே. பழைய சொல்லின் பொருள் இந்தப் பிரிவில்தான் உயிரோடு இருக்கிறது. தச்சரிடம் 300 ரியால் கேட்ட குரலில் இருந்தது அதற்கு நேர் எதிரான பொருள்.

அந்தச் சட்டம் பயன்படுத்துவது கஃபீல் என்ற சொல்லை அல்ல, 'சாஹிபுல் அமல்' என்பதை. வேலைக்கு உரியவர், அதாவது வேலை கொடுப்பவர். பேச்சில் 'நக்ல் கஃபாலா' (கஃபீல் மாற்றம்) என்று இருந்ததும் 'நக்ல் கித்மாத்' (சேவை மாற்றம்) ஆகிவிட்டது. மாறியது சொல் மட்டும் அல்ல. 2020 நவம்பரில் அறிவித்து 2021 மார்ச் 14 முதல் நடப்புக்கு வந்த சீர்திருத்தத்தின்படி, ஓராண்டு வேலை பார்த்தவர் முறைப்படி அறிவிப்புக் கொடுத்துவிட்டு, பழைய இடத்தின் ஒப்புதல் இல்லாமலே வேறு நிறுவனத்துக்கு மாறலாம். லீவுக்கும் இறுதிப் பயணத்துக்கும் அப்ஷர் என்ற அரசுச் செயலியில் தாமே விண்ணப்பிக்கலாம். பெரிய மாற்றம், அதில் சந்தேகமில்லை. ஆனால் வீட்டுப் பணியாளர், வீட்டு ஓட்டுநர், வீட்டுக் காவலர், ஆடு ஒட்டகம் மேய்ப்பவர், தோட்டக்காரர் ஆகியோரை இந்தச் சீர்திருத்தத்தில் சேர்க்கவில்லை. ஒருவரை ஒருவர் பார்க்கக்கூட வழியில்லாமல் தனித்தனி வீட்டிலும் பாலைவனத்திலும் இருப்பவர்கள் இவர்கள்தான். மட்டக்களப்பிலிருந்தும் அம்பாறையிலிருந்தும் வீட்டு வேலைக்குப் போன பெண்களுக்குக் கஃபீல் என்பவர் அதே வீட்டில், அடுத்த அறையில் இருக்கிறவர். அவரை 'பாபா' என்று கூப்பிடுவார்கள். கஃபாலா ஒழிந்துவிட்டது என்று அவ்வப்போது வரும் செய்தியைப் படிக்கும்போது இவர்களை நினைத்துக்கொள்ள வேண்டும்.

சரி, தமிழுக்கு வருவோம். 'புரவலர்' நல்ல பழஞ்சொல். புரத்தல் என்றால் காத்தல். புறநானூற்றில் புரவலருக்கு எதிரே நிற்பவர் இரவலர், பரிசில் கேட்டு வந்தவர். சவுதிக்குப் போனவர் கேட்டு வாங்க வரவில்லை, வேலை செய்து சம்பாதிக்க வந்தவர். அவருடைய கஃபீலைப் புரவலர் என்று எழுதினால், அந்த ஒரு சொல்லால் அவரை இரவலர் ஆக்கிவிடுகிறோம். 'ஸ்பான்சர்' லத்தீனில் பிணை நிற்பவரையே குறித்த சொல்தான். ஆனால் இன்று நம் காதில் அது கிரிக்கெட் சட்டையில் பெயர் போட்டுக்கொள்ளும் கம்பெனி. 'ஜாமீன்தாரர்' பொருளில் மிக நெருங்கி வருகிறது. ஜாமீன் என்பதே 'ளாமின்' என்ற அரபுச் சொல் பாரசீகத்தின் வழியாக வந்து சேர்ந்ததுதான். அரபுக்கு அரபையே மாற்றாக வைப்பானேன், அதற்குப் பக்கத்திலேயே நம் சொல் இருக்கும்போது?

அந்தச் சொல் 'பிணை'. தமிழ்நாட்டில் ஜாமீன் அதை ஓரம் தள்ளிவிட்டது. இலங்கையில் இன்றும் 'பிணையில் விடுவிக்கப்பட்டார்' என்றுதான் செய்தி வாசிக்கிறார்கள். தமிழ் விவிலியத்தின் நீதிமொழிகளில், அந்நியனுக்காகப் பொறுப்பேற்பதற்கு வரும் சொல்லும் பிணைப்படுதல். அந்நியனுக்காகப் பிணைப்படுகிறவர்: கஃபீலுக்கு இதைவிடக் கச்சிதமான விளக்கம் எனக்குத் தெரியவில்லை. பிணைக்கு இன்னொரு முகமும் உண்டு. பிணைத்தல் என்றால் கட்டுதல். மாட்டைத் தறியில் பிணைப்பதும், விலங்கில் பிணைப்பதும், பிணைக் கைதியும் இதே சொல்லிலிருந்து. ஒருவருக்காகத் தன்னைக் கட்டிக்கொள்வதும் ஒருவரைக் கட்டி வைப்பதும் ஒரே வேரில் இருக்கின்றன. கஃபாலாவுக்கு நேர்ந்த கதை முழுவதும் அந்தச் சொல்லுக்குள் அடங்கிவிடுகிறது. ஆகவே கஃபீல் என்றால் பிணையாளர், கஃபாலா முறை என்றால் பிணைமுறை.

இது வெறும் சொல்லாசை என்று நினைக்க வேண்டாம். சம்பளம் வராமல் சிக்கிக்கொண்டவருக்காக ஊரில் மனைவியோ தம்பியோ கலெக்டர் ஆபீசில் மனுக் கொடுக்கும்போது பெரும்பாலும் 'முதலாளி' என்று எழுதிவிடுகிறார்கள். ஃப்ரீ விசாவில் போனவருக்கு இகாமாவில் இருக்கும் கஃபீலின் பெயர் ஒன்று, வேலை வாங்கிய ஆள் வேறு ஒருவர். சில இடங்களில் இரண்டு பேருக்கும் நடுவில் மூன்றாவதாக ஒரு தரகரும் இருப்பார். மனுவில் முதலாளி என்று தரகரின் பெயர் இருந்தால், தூதரகம் தேடிப் போவது தவறான ஆளை. அதனால் இப்படிப் பிரித்து எழுதச் சொல்கிறேன்: இகாமா அட்டையில் இருக்கும் கஃபீலின் பெயரை 'பிணையாளர் (கஃபீல்)' என்று முதல் வரியில். அவர்தான் சட்டப்படி பதில் சொல்ல வேண்டியவர். வேலை வாங்கியவரை 'வேலை கொடுத்தவர்' என்று அடுத்த வரியில். தொழிலாளியின் இகாமா எண்ணைப் பத்து இலக்கமும் விடாமல், அதற்குக் கீழே. வெளிநாட்டவருக்கு அது 2-இல்தான் தொடங்கும். 1-இல் தொடங்கினால் எழுதியிருப்பது சவுதிக் குடிமகனின் அடையாள எண், சரிபார்த்துக்கொள்ளுங்கள்.